பனி உறைந்த ஏரியில் ஓடிய விமானம்: ஹேமண்ட்ஸ்போர்ட் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு

நெடுஞ்சாலையை பாத் என்ற ஊரில் விட்டு இறங்கியதுமே இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்துவிட்டது. நடுவில் தட்டையான ஒரு பள்ளத்தாக்கு, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். கொஞ்ச தூரத்தில் பள்ளத்தாக்கு முடிந்து ஏரி தொடங்குகிறது. அந்த இடத்தில்தான் ஹேமண்ட்ஸ்போர்ட் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் விரல் ஏரிகளில் ஒன்றான கியூகாவின் தென்முனை இது. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். நடுவில் ஒரு சதுக்கம், மரங்கள், வாத்தியக் குழு வாசிப்பதற்கு ஒரு மண்டபம், சுற்றிலும் நூறு வருஷத்துக்கு மேல் பழமையான கடைக் கட்டடங்கள். ஊர் அவ்வளவுதான்.

அப்பா திண்டுக்கல்லிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நயாகராவைக் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் இந்த ஊருக்குக் கூட்டிவர வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். விமானத்தின் கதை என்றாலே ரைட் சகோதரர்கள் முதலில் பறந்த கிட்டி ஹாக் மணல்மேடும் 1903 டிசம்பர் 17-ம் தேதியும் எல்லோருக்கும் தெரியும். தெரியவும் வேண்டும். ஆனால் பறக்கும் வேலையை ஒளிவுமறைவில்லாமல் ஊர் நடுவில் வைத்து, அக்கம்பக்கத்து ஆட்களைக் கொண்டே செய்த இடம் ஒன்று உண்டு. அது இந்த ஊர். இங்கே அதைத் தொடங்கியவர்கள் சைக்கிள் கடைக்காரரும் அவருடைய மெக்கானிக்குகளும். அப்பாவுக்கு நான் காட்ட நினைத்தது அதைத்தான்.

சனி

காலையில் முதல் வேலையாக ஏரிக்கரைக்குப் போனோம். பழைய ரயில் நிலையம் தண்ணீரை ஒட்டியே நிற்கிறது. பாத்துக்கும் ஹேமண்ட்ஸ்போர்ட்டுக்கும் இடையே ஓடிய சின்ன ரயில் பாதையின் கடைசி நிறுத்தம் அது. திராட்சையும் ஒயினும் இந்த வழியாகத்தான் வெளியூர் போயின. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய இளைஞர்களும் இந்த ஊருக்கு வந்து இறங்கிய காலத்தில் ரயில்தான் வழி.

பெல் இங்கே எதற்கு வந்தார்? இன்ஜினுக்காக. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள பேடெக்கில் அவருக்கு வீடு இருந்தது. அங்கே பெரிய பெரிய பட்டங்களைப் பறக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதனைத் தூக்குகிற பட்டத்துக்கு இன்ஜின் வைக்க வேண்டும், எடை குறைவாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்தவர் கிளென் கர்ட்டிஸ். 1878-ல் இந்த ஊரில் பிறந்தவர், எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சைக்கிள் பந்தயத்தில் ஓடினார், சைக்கிள் கடை வைத்தார், அப்புறம் மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தார். 1907 அக்டோபர் 1-ம் தேதி பெல், கர்ட்டிஸ், கனடாவைச் சேர்ந்த பொறியாளர்கள் மெக்கர்டி, கேஸி பால்ட்வின், அமெரிக்க ராணுவ லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் ஆகிய ஐந்து பேரும் சேர்ந்து வான்வழிப் பரிசோதனைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்குப் பணம் போட்டவர் பெல்லின் மனைவி மேபல். இருபதாயிரம் டாலர், அந்தக் காலத்தில். சங்கம் அமைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவரும் அவர்தான். விமானக் கதைகளில் அவர் பெயரை அநேகமாக யாரும் சொல்வதில்லை, அது எனக்கு வருத்தம்.

குளிர்காலத்தில் அந்தக் குழு ஹேமண்ட்ஸ்போர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. செய்த முதல் விமானத்தின் பெயர் ரெட் விங், சிவப்பு இறக்கை. பெல்லின் பட்டத்துக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சிவப்புப் பட்டுத் துணியைப் போர்த்தியதால் வந்த பெயர். சக்கரம் கிடையாது, கீழே பனிச்சறுக்குக் கட்டைகள். ஓடுபாதைக்கு எங்கே போவது? ஏரி உறைந்து கிடந்தது, அதுவே ஓடுபாதை. 1908 மார்ச் 12 அன்று கேஸி பால்ட்வின் அதில் உட்கார்ந்தார். வடிவமைத்த செல்ஃப்ரிட்ஜ் வாஷிங்டனில் மாட்டிக்கொண்டதால் வாய்ப்பு இவருக்கு. பனிமேல் வழுக்கி ஓடி, எழும்பி, 318 அடி 11 அங்குலம் பறந்தது. நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வால் ஒடிந்து இறங்கியது, ஆளுக்குக் காயமில்லை. சரிசெய்து சில நாளில் மறுபடி பறக்கவிட்டபோது பக்கவாட்டுக் காற்றில் சாய்ந்து நொறுங்கிவிட்டது. சாய்ந்தால் நிமிர்த்த அதில் வழியே இல்லை. அடுத்த விமானத்தில் இறக்கை நுனிகளில் அசையும் மடல்களை வைத்ததற்குக் காரணம் இந்த விபத்துதான்.

ஜூன் மாத வெயிலில் அந்தக் கரையில் நின்றுகொண்டு அதே தண்ணீர் இறுகிக் கிடந்ததாக நினைத்துப் பார்ப்பது அப்பாவுக்குச் சிரமமாக இருந்தது. “இதுமேல ஆள் நடக்கலாமா?” என்று கேட்டார். “நடக்கிறதென்னப்பா, விமானமே ஓடியிருக்கு” என்றேன்.

பத்து மணிக்குமேல் கர்ட்டிஸ் அருங்காட்சியகம். ஊருக்கு வெளியே பாத் போகிற சாலையில், பழைய ஒயின் நிறுவனக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. வெளியே ஒரு பெரிய கர்ட்டிஸ் சி-46 சரக்கு விமானம் நிற்கிறது. அப்பா அதைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

உள்ளே அவர் முதலில் நின்றது மோட்டார் சைக்கிள்கள் பக்கம். கர்ட்டிஸ் முதன்முதலில் சைக்கிளுக்கு இன்ஜின் பொருத்தியபோது கார்புரேட்டரைத் தக்காளி டின்னில்தான் செய்தார். டின்னுக்குள் கம்பி வலை, அதில் ஊறிய பெட்ரோல், மேலே காற்று. அப்பாவிடம் இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. டிப்போவில் உதிரி பாகம் வராத நாட்களில் அவர் செய்த வேலைகள் எத்தனையோ எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்த எட்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிள். அசல் வண்டி வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் வசம் இருக்கிறது, இங்கே இருப்பது அதே அளவில் செய்த மாதிரி. 1907 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரை மணலில் கர்ட்டிஸ் இதை ஓட்டினார். ஒரு மைல் தூரத்தை 26.4 வினாடியில் கடந்தார். மணிக்கு 136 மைலுக்கு மேல், நம் கணக்கில் ஏறக்குறைய 219 கிலோமீட்டர். அன்று உலகத்தில் எந்த மனிதனும் அவ்வளவு வேகத்தில் போனதில்லை. அப்பா குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். “சங்கிலி இல்ல பாரு. ஷாஃப்ட் போட்டிருக்கான், முனையில பெவல் கியர். நாற்பது குதிரைச் சக்திக்குச் சங்கிலியோ பெல்ட்டோ தாங்காதுன்னு தெரிஞ்சு செஞ்சிருக்கான்” என்றார். அடுத்த ஓட்டத்தில் அந்த ஷாஃப்டின் இணைப்பு உடைந்துவிட்டது என்று பக்கத்தில் நின்ற வயதான தன்னார்வலர் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா தலையாட்டினார், “உடையும்.”

அந்த இன்ஜின் மோட்டார் சைக்கிளுக்காகச் செய்ததே அல்ல. இந்த ஊர்ப் பட்டறைக்கு விமானக் கனவுகாரர்களிடமிருந்து வந்துகொண்டிருந்த கோரிக்கைகளுக்காகச் செய்தது. தாமஸ் பால்ட்வின் என்ற ஆகாயக் கப்பல்காரர் (இன்ஜினால் ஓடும் பெரிய வாயுப் பலூன்தான் ஆகாயக் கப்பல்; இவர் மேலே சொன்ன கேஸிக்கு உறவில்லை) 1904-லேயே கர்ட்டிஸ் இன்ஜினைத் தன் கப்பலில் மாட்டிப் பறந்தவர். 1906 நிலநடுக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் எல்லாவற்றையும் இழந்தபிறகு இந்த ஊருக்கே குடிவந்துவிட்டார். பெல்லும் முதலில் வாடிக்கையாளராகத்தான் வந்தார். பறப்பவர்கள் கர்ட்டிஸைத் தேடி வந்தார்கள், அவர் பறப்பைத் தேடிப் போகவில்லை. 1907 ஜூனில் பால்ட்வினின் ஆகாயக் கப்பலில் ஏறி ஊருக்குமேல் ஒரு சுற்று வந்தபிறகுதான் அவருக்கே ஆசை வந்திருக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தின் நடு மண்டபத்தில் ஜூன் பக் விமானத்தின் மாதிரி இருக்கிறது. சங்கத்தின் மூன்றாவது விமானம், கர்ட்டிஸ் பொறுப்பேற்றுச் செய்தது. அதன் முன் நாங்கள் நின்ற நேரம்தான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த நேரம். மேலே கீழே இரண்டு இறக்கைகள், நடுப்பக்கம் அகன்று நுனியில் நெருங்கி வருகிற மாதிரி வளைந்திருக்கின்றன. இறக்கைத் துணி மஞ்சள். நான்கு நுனிகளிலும் முக்கோண மடல்கள். ஓட்டுநர் இருக்கையில் முதுகுக்குப் பின்னால் ஒரு சட்டம், அதிலிருந்து மடல்களுக்குக் கம்பிகள் போகின்றன. விமானம் இடது பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவர் தன்னியல்பாகவே வலது பக்கம் உடம்பைச் சாய்ப்பார். தோள் அழுத்துவதால் சட்டம் நகர்ந்து கம்பியை இழுக்கும், தாழ்ந்த பக்கத்து மடல் கீழிறங்கி அந்தப் பக்கத்தைத் தூக்கும், எதிர்ப்பக்கத்து மடல் மேலேறி அதைத் தாழ்த்தும். கைக்கு வேறு வேலை, அதற்குச் சக்கரம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது உடம்பைச் சாய்த்துப் பழகியவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அப்பா இருந்த இடத்திலேயே தோளை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

துணி ஏன் மஞ்சள் என்று அவர் கேட்டதற்கும் பதில் இருக்கிறது. ஜூனில் இந்த விமானம் முதலில் எழும்பவே இல்லை. இன்ஜின் நன்றாக ஓடியது, வேகமும் வந்தது, ஆனால் தரையை விடவில்லை. கடைசியில் பார்த்தால் துணியின் இழைகளுக்கு நடுவே காற்று கசிந்துகொண்டிருந்தது. மெழுகு, டர்பன்டைன், பெட்ரோல் இதையெல்லாம் கலந்து ஒரு வார்னிஷ் காய்ச்சித் துணிமேல் பூசினார்கள். அதோடு மஞ்சள் காவியையும் கலந்துகொண்டார்கள். ஜூன் 21 அன்று விமானம் எழும்பிவிட்டது.

பக்கத்திலேயே பழைய விமானங்களைச் செப்பனிடும் பட்டறை இருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் வந்து சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள், பார்வையாளர்கள் நின்று பார்க்கலாம். அப்பாவை அங்கிருந்து கிளப்ப மாலையாகிவிட்டது. ஆங்கிலம் அதிகம் தெரியாதவர், அங்கே ரிவெட் அடித்துக்கொண்டிருந்தவரோடு அரை மணி நேரம் ‘பேசினார்’. இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்தது.

ஞாயிறு

நேற்று இரவு விடுதி வராந்தா விளக்கில் பழுப்பு வண்டுகள் வந்து வந்து மோதின. ஜூன் மாதத்தில் இங்கே அவை கணக்கில்லாமல் பறக்கும். ஜூன் பக் என்பது அந்த வண்டின் பெயர்தான், விமானத்துக்கு அதை வைத்தவர் பெல்.

இன்று பிளசன்ட் வேலி, இனிய பள்ளத்தாக்கு. 1860-ல் தொடங்கிய பிளசன்ட் வேலி ஒயின் நிறுவனத்தின் கல் கட்டடங்கள் மலைச்சரிவில் இருக்கின்றன. அதற்குக் கீழே பரந்த வயல்வெளி. கொடிகளில் காய் இப்போதுதான் மிளகு அளவு வந்திருக்கிறது. அந்நாளில் ஸ்டோனி புரூக் பண்ணை என்று இங்கே ஒன்று இருந்தது, அதில் குதிரைப் பந்தயப் பாதை. பண்ணை ஒயின் தொழில் செய்த சாம்ப்ளின் குடும்பத்தினருடையது. அந்தப் பந்தயப் பாதையைத்தான் விமானம் ஓடுவதற்கு விட்டுக்கொடுத்தார்கள்.

சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகை ஒரு கோப்பை அறிவித்திருந்தது. முன்கூட்டியே அறிவித்துவிட்டு, எல்லோர் முன்னாலும், நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர் பறக்க வேண்டும். விமானம் தானாகவே தரையிலிருந்து எழும்ப வேண்டும். ரைட் சகோதரர்கள் 1905-லேயே இருபது மைலுக்கு மேல் பறந்தவர்கள், அவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. பத்திரிகைக்காரர்கள் அவர்களைக் கேட்கவும் செய்தார்கள். ஆனால் அவர்களுடைய விமானத்துக்குச் சக்கரம் கிடையாது, தண்டவாளத்தின்மேல் வைத்து உந்தித்தான் கிளப்புவார்கள். மாற்றிச் செய்ய இப்போது நேரமில்லை என்று ஆர்வில் ரைட் சொல்லிவிட்டார்.

1908 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். நடுவர்களும் பத்திரிகையாளர்களும் ரயிலேறி வந்துவிட்டார்கள். ஊர் ஜனங்கள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து புல்லில் உட்கார்ந்தார்கள். மழையும் காற்றும் பிடித்துக்கொண்டது. மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஒயின் நிறுவனம் வந்தவர்களை உபசரித்துக்கொண்டிருந்தது, அதனால் யாரும் கலைந்துபோகவில்லை என்று நினைக்கிறேன். சாயங்காலம் வானம் வெளுத்தது. ஏழு மணிவாக்கில் விமானத்தை வெளியே கொண்டுவந்தார்கள். முதல் முறை மூக்கு மேலே மேலே போய்விட்டது, கர்ட்டிஸ் இன்ஜினை அணைத்துப் பாதியில் இறக்கினார். பார்த்தால் வாலை மாட்டிய கோணம் சரியில்லை. சரிசெய்து இரண்டாவது முறை. இந்த முறை குறிக்கம்பத்தைத் தாண்டி, வேலிகளையெல்லாம் தாண்டி, 5,090 அடி பறந்து இறங்கினார். ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முன்கூட்டியே நாள் குறித்து அமெரிக்காவில் ஜனங்கள் முன்னால் நடந்த முதல் பறப்பு இது.

அந்த வயல் ஓரத்தில் நின்று பார்த்தால் எவ்வளவு சின்ன இடம் என்று தெரிகிறது. இரு பக்கமும் மலை, நடுவில் வேலி, மரம், திராட்சைக் கம்பங்கள். திரும்பத் தெரியாத விமானத்துக்கு நேராகப் போய் இறங்க இவ்வளவுதான் இடம். அந்த ஐயாயிரம் அடியை நடந்து பார்க்கலாமா என்று அப்பா கேட்டார். தனியார் நிலம் என்பதால் சாலையோரமாகவே நடந்தோம். நல்ல வெயில், அவர் நிற்கவே இல்லை.

பெல் அன்று ஊரில் இல்லை, பேடெக்கில் இருந்தார். செய்தி போனதும் முதலில் யோசித்தது காப்புரிமையைப் பற்றி. அதே மாதத்தில் ஆர்வில் ரைட்டும் கர்ட்டிஸுக்குக் கடிதம் எழுதிவிட்டார், இறக்கைகளைச் சாய்த்து நிமிர்த்தும் முறை எங்கள் காப்புரிமைக்குள் வருவது என்று. அது பிறகு வழக்காகி வருஷக்கணக்காக இழுத்தது. ரைட் சகோதரர்கள் முதலில் பறந்தவர்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் பறப்பதற்கே ஒருவருக்கு மட்டும் உரிமை என்று ஆகியிருந்தால் இந்த வயல் மாதிரி இடங்களில் யாரும் முயன்றே பார்த்திருக்க மாட்டார்கள்.

செல்ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மே மாதம் இங்கே ஒயிட் விங் என்ற இரண்டாவது விமானத்தை ஓட்டினார். அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவர் தனியாக விமானம் ஓட்டியது அதுதான் முதல்முறை. செப்டம்பர் 17 அன்று வாஷிங்டனுக்கு அருகே ஃபோர்ட் மையரில் ஆர்வில் ரைட்டோடு பயணியாகப் பறந்தபோது புரொப்பல்லர் உடைந்து விமானம் விழுந்தது. இன்ஜின் பொருத்திய விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவர்தான். வயது 26.

மத்தியானம் பிளசன்ட் வேலி கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கர்ட்டிஸ் 1930 ஜூலையில் பஃபலோவில் குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 52 வயதில் இறந்தார். பிறந்த ஊருக்கே கொண்டுவந்து புதைத்தார்கள். அவர் பறந்த வயலுக்குப் பக்கம்.

திங்கள்

கிளம்புவதற்கு முன் மறுபடி ஏரி. தண்ணீரிலிருந்து எழும்பித் தண்ணீரில் இறங்கும் விமானத்தை நம்பத்தக்க வாகனமாக ஆக்கியவர் கர்ட்டிஸ். மிதவை கட்டிய விமானத்தை முதலில் கலிஃபோர்னியாவின் சான் டியகோவில் 1911 ஜனவரியில் பறக்கவிட்டார், அடுத்து இந்த ஏரியில். அமெரிக்கக் கடற்படையின் முதல் விமானி எல்லிசன் இங்கே அவரோடு வேலை செய்தவர். 1912-ல் படகையே உடலாக வைத்துப் பறக்கும் படகு செய்தார்கள். அதில் ஒரு சிக்கல். எவ்வளவு வேகமாகப் போனாலும் தண்ணீர் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. படகின் அடியில் நடுவில் ஒரு படி வெட்டினார்கள். படிக்குப் பின்னால் காற்று புகுந்ததும் பிடிப்பு விட்டது, படகு எழும்பியது. அதற்குப் பிறகு வந்த நீர்விமானங்களின் அடியைப் பாருங்கள், அந்தப் படி இருக்கும்.

1914 மே 28 அன்று இதே தண்ணீரில் நடந்த இன்னொன்று ஊருக்குப் பெருமை சேர்க்கவில்லை. 1903-ல் தண்ணீரில் விழுந்து தோற்ற, தன் பழைய தலைவர் லாங்லியின் விமானத்தை ஸ்மித்சோனியன் இங்கே அனுப்பி வைத்தது. கர்ட்டிஸ் அதில் பல மாற்றங்களைச் செய்து சிறிது தூரம் பறக்க வைத்தார். அதைக் காட்டி, ரைட்டுக்கு முன்பே பறக்கக்கூடிய விமானம் இருந்தது என்று ஸ்மித்சோனியன் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது. வழக்கில் கர்ட்டிஸுக்கு அது வசதியாகவும் இருந்தது. மனம் கசந்த ஆர்வில் தன் 1903 விமானத்தை லண்டனுக்கு அனுப்பிவிட்டார். ஸ்மித்சோனியன் 1942-ல் தவறை ஒப்புக்கொண்ட பிறகு, 1948-ல்தான் அது அமெரிக்கா திரும்பியது. கர்ட்டிஸ்மேல் எனக்கு எவ்வளவு மதிப்பிருந்தாலும் இதில் அவர் பக்கம் நிற்க முடியவில்லை.

அதே 1914-ல் ஜூன் 22-ம் தேதி ‘அமெரிக்கா’ என்ற இரட்டை இன்ஜின் பறக்கும் படகு இந்தக் கரையில் தண்ணீரில் இறங்கியது. அட்லான்டிக்கைத் தாண்டுவதற்காகச் செய்தது. உள்ளூர் ஷாம்பெய்ன் பாட்டிலை அதன் மூக்கில் உடைக்க வேண்டும், பாட்டில் உடையவே இல்லை. கடைசியில் அதை ஓட்டப்போகிற போர்ட் என்ற பிரிட்டிஷ்காரர் சுத்தியலை எடுத்து அடித்தார். ஆகஸ்டில் உலகப்போர் வந்தது, அட்லான்டிக் பயணம் நின்றுபோனது, விமானத்தை பிரிட்டிஷ் கடற்படை வாங்கிக்கொண்டது. போருக்கு ஆயிரக்கணக்கில் விமானம் வேண்டியிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அவ்வளவு பெரிய தொழிற்சாலைக்கு இடம் ஏது? பெரிய வேலையெல்லாம் பஃபலோவுக்குப் போய்விட்டது. 1929-ல் கர்ட்டிஸ் நிறுவனமும் ரைட் நிறுவனமும் ஒன்றாகவே இணைந்தன. அதற்குள் இரண்டு பெயர்களுக்கும் உரியவர்கள் விலகிப்போயிருந்தார்கள்.

கர்ட்டிஸிடம் வேலை பார்த்த சிலர் மட்டும் ஊரிலேயே தங்கி 1920-ல் ஒரு பட்டறை தொடங்கினார்கள். அதுதான் பிறகு மெர்க்குரி ஏர்கிராஃப்ட். ஜூன் பக்கின் பறக்கும் மாதிரி ஒன்றை 1976-ல் செய்தவர்கள் அந்தப் பட்டறைக்காரர்கள். இதை அப்பாவிடம் சொன்னதும், “அப்ப அந்தத் தோள் சட்டம் வேலை செய்யுதுன்னு மறுபடி பார்த்திருக்காங்க” என்றார். அவருக்கு அதுதான் முக்கியம்.

சங்கத்தின் நான்காவது விமானமான சில்வர் டார்ட் 1908 டிசம்பரில் இங்கேதான் முதலில் பறந்தது. பிறகு அதைப் பிரித்து பேடெக்குக்கு அனுப்பினார்கள். 1909 பிப்ரவரி 23 அன்று மெக்கர்டி அங்கே உறைந்த ஏரியிலிருந்து அதை எழுப்பினார், கனடாவின் முதல் விமானப் பறப்பு. பேடெக்கில் பெல்லுக்கும் ஓர் அருங்காட்சியகம் உண்டு. அப்பாவுக்குக் கனடா விசா எடுக்க வேண்டும், விண்ணப்பத்தை இந்த வாரமே போடுகிறேன்.